அணைக்காத பெட்டியும் அந்தரத்து அண்ணாச்சியும்

சுரண்டைக்குக் கிழக்கே எங்கள் தண்ணித்தொட்டித் தெருவில் ஒரு ஆள் நாலு வருசம் தரையில் கால் படாமல் நின்றார், அவர் காலுக்குக் கீழே ஒரு முதலை நாலு வருசம் வாயை முழுசாக மூடாமல் காத்துக்கிடந்தது, அவர் நின்ற டிவிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் இலையும் தூளும் பரப்பின சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினோம், இதில் நம்பக் கஷ்டமான சங்கதி எது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் அத்தனை நாள் சீரியல் பார்க்காமல் இருந்ததைத்தான் சொல்வார்கள்.

அந்த ஆளை அங்கே நிறுத்தியது எங்க வீட்டுக்காரர் சேர்மக்கனி. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய மாமா கொல்லத்திலிருந்து வாங்கி வந்த டிவி கேம் பெட்டி அது. கேசட்டைச் சொருகிப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு முண்டாசு கட்டின ஒரு குட்டி ஆள் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக ஓடுவார், பாறை வந்தால் தாண்டுவார், பனைமரத்திலிருந்து தேள் விழுந்தால் குனிவார், ஆறு வந்தால் எம்புவார், எல்லா ஆற்றையும் தாண்டினால் கடைசியில் ஒரு நீலக் கதவு இருக்கிறதாம், அதைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாதாம். எனக்குத் தாலி கட்டின பிறகும் எங்க வீட்டுக்காரர் அந்தக் கதவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். துபாய்க்குக் கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம், பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்து, புதுச் சட்டை மாட்டி, திருநீறும் பூசி, வேன் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று உட்கார்ந்தவர், அதுவரைக்கும் கண்ணால் பார்த்திராத கடைசி ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டார். முண்டாசுக்காரர் கரையிலிருந்து எம்புகிற நேரம் வேன்காரன் ஹாரன் அடித்தான். எங்க வீட்டுக்காரர் நடுப்பொத்தானை அமுக்கினார். ஆள் அந்தரத்தில் நின்றார்.

"ஏட்டி பேச்சி, இதை அணைச்சிராத. இதுல சேத்து வைக்க வழி கிடையாது, அணைச்சா அம்புட்டும் போச்சு. நான் வந்து முடிக்கேன்."

"ம்" என்றேன்.

அப்போது தன்சிகா என் வயிற்றில் அஞ்சு மாசம். அதைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று வேன் வரைக்கும் பின்னாலேயே போனேன். "டிவியையும் அணைச்சிராத" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

எனக்கு நாலு பேர் முன்னால் வார்த்தை வராது. "பேரு பேச்சித்தாய், வாயைத் திறந்தா கொட்டாவிதான் வருது" என்பாள் எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம் அக்கா. அவள் சத்தத்தில்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும். என் வீட்டு முன்னறை அகலம், ஃபேன் நல்லாச் சுற்றும் என்பதால் எல்லாரும் இலையையும் தூளையும் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். வந்தவர்கள் முதல் நாள் டிவியைப் பார்த்துவிட்டு, "என்னளா, இந்த ஆளு நகர மாட்டாரா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். "சேர்மக்கனி வந்துதான் நகத்தணுமாக்கும்" என்று ஆவுடை அக்காவே மிச்சத்தைச் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நகராத ஆளைப் பார்த்துக்கொண்டே இலையை வெட்டினார்கள், தூளை வைத்து உருட்டினார்கள், நூலைச் சுற்றினார்கள், ஒரு வாரத்தில் அவருக்கு முண்டாசு அண்ணாச்சி என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கரண்டு கட்டுக்கு என்று எங்க வீட்டுக்காரர் முன்னமே ஒரு லாரி பேட்டரியைக் கட்டி வைத்திருந்தார், அது இறங்கினால் தெருவே கூடி, கரண்டு இருக்கிற பக்கத்துத் தெருவிலிருந்து மதில் மேலும் முருங்கை மரத்து மேலும் வயரை இழுத்து வருவார்கள். பிள்ளை பிறந்த சமயம், எனக்கு ஒரு கொலுசு வாங்கி அனுப்புங்க என்று நான் ரொம்ப யோசித்து, வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தேன். தென்காசிக் கடையிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் வந்து இறங்கியது. நான் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

"அழாதட்டி" என்றாள் ஆவுடை அக்கா. "அவன் உனக்காக வாரானோ இல்லையோ, இந்தப் பெட்டிக்காக வந்துதான் தீரணும். இது எரியுத வரைக்கும் உம் புருசன் உனக்கு உண்டு. அணைஞ்சுதோ, அவன் அங்கயே நின்னுருவான், பாத்துக்கோ."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னமோ, எனக்குள் அது ஆணி மாதிரி இறங்கிவிட்டது. காலையில் கண் விழித்தால் முதலில் பெட்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பேன். போனில் அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

"பெட்டி ஓடுதா?"

"ம்."

"பிள்ளை?"

"ம்."

இப்படி அணைக்காமலே போட்டு வைத்தால் பெட்டிக்குள் இருக்கிற சாமான் தேய்ந்துபோகாதா என்கிற கேள்வியை ஜெசிந்தா அக்காதான் முதலில் கிளப்பினாள். அவள் பீடிக் கத்தரியால் இலையை வெட்டினால் ரூல் போட்ட மாதிரி இருக்கும், பேச்சும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற பலவேசத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் காலையில் வந்து, "ஆன்லயே விட்டா சூடு ஏறிக் கெப்பாசிட்டர் உப்பிரும், அணைச்சுப் போடுங்க" என்று சொன்னான். சாயங்காலம் டீ குடிக்க வந்தவன், "பல்பைப் பாருங்க, எரிஞ்சுக்கிட்டிருக்கது எரியும், சுவிட்சைப் போடும்போதுதான் டப்புனு போகும், அணைக்கவே கூடாது" என்றான். தெரு ரெண்டாகப் பிரிந்துவிட்டது.

"அம்மியில அரைச்சா அம்மி தேயும். சும்மா கிடந்தா எதுக்குத் தேயுது?" என்றது ஒரு பக்கம்.

"சும்மா கிடந்தா பாசி பிடிக்கும்" என்றாள் ஜெசிந்தா அக்கா.

"என் வீட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்ல இருந்து சும்மாதான் கிடக்காரு. தேஞ்சமாதிரியா தெரியுது?" என்று ஆவுடை அக்கா கேட்டதற்கு ரெண்டு பக்கமும் சிரித்துவிட்டது.

கடைசியில் பலவேசமே பெட்டியை அணைக்காமல், கரண்டு அடிக்காமல் இருக்கப் பலகையில் ஏறி நின்று, அடிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் சரியில்லை.

"ஒரு கெப்பாசிட்டர் உப்பல. ஒரு ஈயப் பத்தவைப்பு விட்டுப்போகல. தூசிகூட இல்ல. நேத்துக் கம்பெனியில இருந்து வந்தமாதிரி இருக்கு."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? கரண்டு ஓடுனா தேய்மானம் உண்டு. ஓடுதது இத்தனை வருசப் பெட்டி. தேய்மானம் இதுக்குள்ள இல்லைன்னா வேற எங்கயோ போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெசிந்தா அக்கா மட்டும் டிவியைப் பார்த்தாள். "அண்ணாச்சி மீசையைப் பாருங்க" என்றாள். கறுப்பு மீசையில் அங்கொன்று இங்கொன்றாக வெள்ளைப் புள்ளி. தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. முண்டாசின் நுனி நைந்து ரெண்டு நூல் தொங்கியது. முன்னால் நீட்டியிருந்த கால் ஆடுசதை பிடித்துக்கொண்ட மாதிரி லேசாக மடங்கியிருந்தது.

"மனுசனை வருசக்கணக்கா அந்தரத்துல நிக்க வச்சா நரைக்காம என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டு ஆவுடை அக்கா அடுத்த இலையை எடுத்தாள்.

ஆனால் அன்றைக்கு யாருக்கும் பீடிக் கட்டு ஓடவில்லை. ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பாள், உச் கொட்டுவாள், குனிவாள். மறுநாள் வடை மடித்து வந்த காகிதத்தில் ஒரு மரச்சாமான் கடை விளம்பரம் இருந்தது. ஜெசிந்தா அக்கா அதிலிருந்த கட்டிலைப் பீடிக் கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டினாள், என் அடுக்களையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கித் தடவினாள், அண்ணாச்சியின் காலுக்குக் கீழே, முதலைக்கு மேலே, ஆற்றுக்குக் குறுக்கே கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் அண்ணாச்சி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். முதலை கால்வாசி வாயை மூடியிருந்தது.

"நல்லாத் தூங்கட்டும், சத்தம் போடாதீங்க" என்றாள் ஆவுடை அக்கா, தெருவுக்கே கேட்கிற சத்தத்தில்.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுவதுதான் வழக்கம், எனக்குப் பதிலாக யாராவது பேசிக்கொள்வார்கள்.

"பேச்சி, கேம்ப்ல எனக்கு மேல் பெர்த்து, ஏறி இறங்கி முட்டி போச்சுன்னு சொன்னேன்லா? காலையில முழிச்சுப் பாக்கேன், தேக்குக் கட்டில்ல கிடக்கேன். தலைமாட்டுல ரெண்டு மயிலு செதுக்கியிருக்கு. யாரு கொண்டாந்து போட்டான்னு ஒருத்தனுக்கும் தெரியல."

"ம்."

"கால்மாட்டுல 'தவணை வசதி உண்டு'ன்னு வேற எழுதியிருக்கு."

பத்துப் பன்னிரண்டு கைகளும் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. "மெத்தை இருக்கான்னு கேளு" என்றாள் ஆவுடை அக்கா. நான் கேட்கவில்லை. அவளே எட்டிக் கேட்டாள். இல்லை என்றார். சாயங்காலத்துக்குள் மெத்தை விளம்பரம் தேடி மூணு வீட்டுப் பழைய பேப்பர்க் கட்டு அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு தெருவுக்கே அது ஒரு வேலையாகப் போயிற்று. மசாலாப் பாக்கெட்டிலிருந்து மீன் குழம்பை வெட்டி ஒட்டினார்கள், அங்கே கேம்ப்பில் மீன் குழம்பு வந்தது, ஆனால் சட்டியில் ஒரு பக்கம் பார்கோடு இருந்ததாம். தலையணை, டேபிள் ஃபேன், பிளாஸ்கு, வெயிலுக்குக் குடை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ஒரு ஓட்டல் நோட்டீஸிலிருந்து பிரியாணியை ஒட்டினால் வெள்ளிக்கிழமை தவறாமல் 'ஆர்டருக்கு அழைக்கவும்' என்ற எழுத்தோடு பிரியாணி வந்து இறங்கியது. பக்கத்துத் தெருக்காரர்களும் தங்கள் வீட்டு ஆட்களுக்கு ஏதாவது ஒட்டலாமா என்று கேட்டு வந்தார்கள். "அதுக்கு அவங்க ஒரு பெட்டியை அணைக்காம வச்சிட்டுப் போயிருக்கணும், முன்யோசனை வேணும்" என்று ஆவுடை அக்கா எங்க வீட்டுக்காரரை முதல் தடவையாகப் புகழ்ந்தாள்.

ஒரு நாள் அவளுக்குக் குறும்பு முற்றிப்போய், துணிக்கடைப் பையிலிருந்து பட்டுச்சேலை கட்டின ஒரு பொம்பளையை வெட்டிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் பிள்ளையைப் பால்வாடியில் விட்டு வந்து பார்க்கிறேன், அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து முண்டாசைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். ஈரத்துணியை எடுத்து வந்து இடுப்பிலிருந்து மேல்பக்கமாக ஒரே இழுப்பாகத் துடைத்தேன்.

"ஒரு பொம்பளை வந்து நின்னாட்டி" என்றார் அன்றைக்குப் போனில். "பட்டுச்சேலை. யாரும்மா நீன்னு கேக்கதுக்குள்ள இடுப்புல இருந்து கிழிஞ்சு போயிட்டா. பாதிக் கேம்ப்புக்குக் காய்ச்சல்."

"ம்" என்றேன். ஆவுடை அக்கா சொளவுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

அண்ணாச்சிக்குத் தொந்தி விழுந்தது. கன்னம் உப்பியது. மீசையில் வெள்ளை மட்டுப்பட்டது. முதலை வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு எதையோ யோசிக்கிற மாதிரி கிடந்தது. தன்சிகாவுக்கு அப்பா என்றால் போனில் ஒரு குரல், டிவியில் ஒரு தொந்தி. பால்வாடி டீச்சர், "உங்க அப்பா எங்க இருக்காங்க?" என்று கேட்டதற்கு, "டிவில படுத்திருக்காரு" என்றாளாம். டீச்சர் என்னிடம் வந்து, பிள்ளைக்கு டிவி அதிகம் காட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு வருச ஒப்பந்தம் மூணாகியிருந்தது, மூணு நாலாகியிருந்தது. நாலு முடிகிற மாசம் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பிள்ளைக்கு, 'அப்பா வாங்க' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். போன் வந்தது.

"பேச்சி, இப்ப எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு, வெள்ளிக்கிழமை பிரியாணி. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பெட்டி ஓடுதுல்ல?"

நான் "ம்" சொல்லவில்லை. அவர் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.

"நம்ம போட்ட சோத்துல கொழுப்பு ஏறியிருக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஜெசிந்தா அக்கா வெட்டி முடித்த ஒரு தர்பூசணித் துண்டை மடியில் மறைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் பிரியாணியைத் துடைத்தேன். அடுத்த நாள் மீன் குழம்பு. பிறகு குடை, பிளாஸ்கு, ஃபேன், மெத்தை. "ஏளா, வெயில் காலம்ளா, வெந்து போவான்" என்று ஆவுடை அக்கா என் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொண்டேன்.

"பிரியாணி வரல பேச்சி."

"ம்."

"ஃபேனும் நின்னுட்டு."

"ம்."

"என்னன்னு தெரியல, மெத்தை இருந்த இடத்துல ஒரு பருக்கை காஞ்சு கிடக்கு."

"ம்."

கடைசியில் கட்டிலையும் துடைத்தேன். அண்ணாச்சி பழையபடி அந்தரத்துக்குப் போனார், இந்தத் தடவை தொந்தியோடு. முதலை கொட்டாவி விட்டு வாயை முழுசாகத் திறந்தது. சௌகரியம் போனால் ஆள் வந்துவிடுவார் என்பதுதான் என் கணக்கு. அவரோ மறுநாள் போனில், "கட்டிலும் போச்சுட்டி. அதனாலென்ன, மேல் பெர்த்துக்கே திரும்பப் போயிட்டேன். பழகுன இடந்தானே" என்றார், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். மீசை மறுபடி நரைக்க ஆரம்பித்தது. முன்னை விட வேகமாக நரைத்தது. அந்தரத்தில் நிற்பது ஒரு ஆளுக்குப் பழகிவிட்டால், கட்டில் போட்டாலும் நிற்பார், கட்டிலை எடுத்தாலும் நிற்பார், நரைத்து, கூனி, பல் விழுந்து அப்படியே நிற்பார், நானும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இங்கே நிற்பேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்றைக்குப் பலவேசம் டீக்கு வந்திருந்தான். எல்லாரும் இருந்தார்கள். நானே வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இவரு ஆத்துல விழுந்துட்டா என்ன ஆகும்?"

என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாததால் பாதிப் பேர் பேசினது யார் என்று தேடினார்கள். பலவேசம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"முதலை பிடிச்சுக்கிடும்."

"பிடிச்சா? செத்துருவாரா?"

"டிவி கேம்ல எவன் செத்தான்? கிளம்புன இடத்துக்கே திரும்பிருவாரு. பின்ன மறுபடி முதல்ல இருந்து."

எத்தனையோ வருசத்தில் முதல் தடவையாக எல்லாக் கையும் ஒரே நேரத்தில் நின்றது.

"கிளம்புன இடம்னா?" என்று ஆவுடை அக்கா மெதுவாகக் கேட்டாள். எல்லாரும் என் வாசற்படியைப் பார்த்தார்கள்.

"பேச்சி, நல்லா யோசிச்சுக்கோ" என்றாள் ஜெசிந்தா அக்கா. "எம்புத பொத்தானை அமுக்கிப் பிடிச்சின்னா அக்கரைக்குப் போயிருவாரு. அங்கதான் நீலக் கதவு. திறந்தா உள்ள என்ன இருக்குன்னு ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. தங்கமா இருக்கும், மாளிகையா இருக்கும். அவரு ஆசைப்பட்டதும் அதைத்தானே?"

அதைக் கேட்டதும் எல்லாருக்கும் கண் மினுங்கியது. எனக்குமே ஒரு நொடி ஆசை வந்தது. நாலு வருசம் பார்த்த ஆற்றுக்கு அக்கரையைப் பார்க்காமல் விட யாருக்கு மனசு வரும்.

"அங்க இருக்கது அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். அதன்மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தேன். நடுப்பொத்தானை அமுக்கினேன். அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுமே இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி ஒரு நொடி எங்கள் எல்லாரையும் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு காலைக் காற்றில் ரெண்டு தடவை உதைத்தார், முண்டாசைப் பிடித்துக்கொண்டார், தொந்தி முன்னால் போக நேராகக் கீழே போனார். முதலை நாலு வருசம் கழித்து வாயை முழுசாக மூடியது. 'டொய்ங்' என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது, அவர் இடது பக்கக் கோடியில், பச்சைத் தரையில், ரெண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் அரிசி மூட்டை இறக்கின மாதிரி சத்தம் கேட்டது.

எங்க வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி நீலச் சட்டை. முகத்தில் பாதி சோப்பு நுரை, கையில் ரேசர். பேண்ட்டின் பின்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் துணி இல்லை, ஓரமெல்லாம் பல் பல்லாகக் கிழிந்திருந்தது.

தன்சிகா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "அப்பா டிவில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

"வா கொழுந்தா" என்றாள் ஆவுடை அக்கா. "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு ஒண்ணும் இல்லாம எப்படி வந்த?"

"வந்தேனா மைனி? விழுந்தேன்."

ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி பின்னால் சுற்றிக்கொள்ளச் சாரம் கொண்டுவந்தாள். அவர் அதையெல்லாம் வாங்கிக்கொண்டே முன்னறைக்குள் டிவியைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"கடைசி ஆறு. கடைசி ஆறுல்லா அது. யாரு அமுக்குனது?"

எல்லாரும் சொளவுக்குள் இலையைத் தேடினார்கள்.

"நான்தான்" என்றேன்.

"நாலு வருசம்ட்டி."

"எனக்கும் நாலு வருசந்தான்."

அவர் கையிலிருந்த ரேசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சப் பாதி முகத்தை எங்கள் வீட்டுக் கண்ணாடியில் மழித்துக்கொண்டார். கண்ணாடியில் நரையைப் பார்த்து, "இது எப்ப வந்துது?" என்று என்னிடம் கேட்டார். நான் வருசத்தைச் சொன்னேன்.

பலவேசம் விடவில்லை. பெட்டியை மறுபடி திறந்து பார்த்தான். "இப்ப ஒரு கெப்பாசிட்டர் லேசா உப்பியிருக்கு. வயர்ல பச்சை பிடிக்குது. தேய ஆரம்பிச்சிட்டு" என்று சந்தோசமாகச் சொன்னான். அணைக்காமல் வைப்பது நல்லதா கெட்டதா என்று ஆவுடை அக்கா கேட்டதற்கு, "அதை நாளைக்குச் சொல்லுதேன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.

நான் பெட்டியை அணைக்கவில்லை. கேட்டால், பழக்கமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அவர் பிள்ளையைப் பால்வாடிக்குக் கூட்டிப்போனார், டீச்சர் அவரை ரெண்டு தடவை ஏற இறங்கப் பார்த்தார். முருங்கை மரத்திலிருந்து பழைய வயரை அவிழ்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், முன்னறையில் எல்லாரும் வழக்கம்போல் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வைத்தார். ரசத்தைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாஸ்போர்ட்டை லீவுல வார ஒரு பையன்கிட்டக் கொடுத்து விடுதாங்களாம். டிக்கெட்டும் போட்டுத் தாராங்களாம். போட்ட கையெழுத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கே பேச்சி. போய்ட்டு வந்துருதேனே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது 'ம்' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் டிவிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"போறதுன்னா போங்க. தடுக்க மாட்டேன். நான் இங்க உக்காந்து விளையாடிக்கிட்டு இருக்கேன்."

"என்ன விளையாட்டு?"

எம்புகிற பொத்தானை லேசாக, ரொம்ப லேசாக அமுக்கினேன். திரையில் முண்டாசு அண்ணாச்சி ஒரு துள்ளுத் துள்ளினார். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த எங்க வீட்டுக்காரர், போட்ட சம்மணம் கலையாமல், கையில் பிசைந்த உருண்டையோடு ஒரு சாண் மேலே போய்த் தொப்பென்று இறங்கினார். ரசம் இலையைத் தாண்டி ஓடியது.

"ஏளா, சாப்பிடுத மனுசனை எழுப்பாத" என்றாள் ஆவுடை அக்கா, பீடி இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் என் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை அதிலிருந்து எடுக்காமலே போனைக் கையால் துழாவி எடுத்து, அணைத்து, தனக்குப் பின்னால் எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டார். பிறகு இலையை நேராக நகர்த்திக்கொண்டு, "இன்னும் ஒரு கரண்டி சோறு வை பேச்சி" என்றார்.